பரிந்துரைக் கடிதமும் துணைக் கேள்வியும்

சட்டமன்ற உறுப்பினர் ஒருவரிடம் பல ஆண்டுகள் உதவியாளராகப் பணியாற்றிய எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் 234 உறுப்பினர்களில் எவரைப் பற்றிப் பேச்செடுத்தாலும், எந்தக் கல்யாணத்துக்கு வந்தார், எந்தத் துக்க வீட்டுக்கு வரவில்லை என்பதைத்தான் தொகுதி மக்கள் முதலில் சொல்கிறார்கள். அவையில் என்ன கேட்டார், வந்த பதிலை விடாமல் பின்தொடர்ந்தாரா என்று விசாரிப்பவர்கள் அபூர்வம். என் பார்வையில் அந்தப் பின்தொடர்தல்தான் அப்பதவியின் உயிர்.

காலையில் அலுவலகத்துக்கு வருபவர்கள் முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், குடிநீர் என்று மனுக்களோடு வருவார்கள். உறுப்பினர் சொன்னால் உடனே நடந்துவிடும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. உண்மையில் அவரால் பரிந்துரைக்கத்தான் முடியும். முடிவெடுப்பவர் வட்டாட்சியரோ வேறு அதிகாரியோதான். இதை மனம் நோகாமல் எடுத்துச் சொல்வதே பாதி வேலை.

எங்கள் தொகுதியில் ஒரு தரைப்பாலம் இருந்தது. மழைக்காலத்தில் தண்ணீர் ஏறினால் அக்கரை ஊர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியாது. அதை உயர்மட்டப் பாலமாக மாற்றக் கோரி அவையில் கேள்வி கேட்க வேண்டுமென்றால், அந்தச் சாலை ஊராட்சி ஒன்றியத்துக்கு உரியதா, நெடுஞ்சாலைத் துறையின் இதர மாவட்டச் சாலையா என்பது முதலில் தெரிய வேண்டும். துறை மாறிக் கேட்டால், ‘இச்சாலை இத்துறையின் பராமரிப்பில் இல்லை’ என்ற ஒற்றை வரியோடு கேள்வி முடிந்துபோகும். ஆகவே உறுப்பினரே பொறியாளரைப் பார்த்து, சாலையின் பெயர், பாலம் இருக்கும் கிலோமீட்டர், கடைசியாகச் செலவு மதிப்பீடு தயாரித்த ஆண்டு எல்லாவற்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டு வந்தார். கேள்வி நேரத்தில், ‘நிதி நிலைமைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்’ என்று பதில் வந்தது. அந்தப் பதிலையொட்டித் துணைக் கேள்வி கேட்கப் பேரவைத் தலைவர் அனுமதித்ததும், மதிப்பீடு தயாராகிவிட்ட நிலையில் எந்த நிதியாண்டில் எடுத்துக்கொள்ளப்படும் என்று எங்கள் உறுப்பினர் கேட்டார். அடுத்த நிதியாண்டில் என்று அமைச்சர் சொன்னார். அவையில் அமைச்சர் அப்படிச் சொன்னால் அது உறுதிமொழி. நிறைவேறியதா என்று கேட்க அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. நாளிதழ்களில் அதிகம் இடம்பெறாத அந்தக் குழு, மாவட்டங்களுக்கே வந்து அதிகாரிகளை வைத்துக்கொண்டு கேள்வி கேட்கும்.

1985-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு, எப்படி வாக்களிப்பது என்று கட்சியின் கொறடா இடும் உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகக்கூடும். வாக்கெடுப்பில் கட்சிக்குக் கட்டுப்பட்ட உறுப்பினருக்குத் தம் சொந்த உழைப்பையும் அறிவையும் காட்டக் கேள்வி நேரமும் குழுக்களுமே மிஞ்சியிருக்கின்றன என்பதால்தான் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன். தனி ஒருவரின் விடாமுயற்சி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு முத்துலட்சுமி ரெட்டியின் பொதுவாழ்வு சான்று. 1927-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குள் வந்த அவர், தேவதாசி முறைக்கு எதிராக அங்கே குரல் எழுப்பினார். காந்தி கைதானதைக் கண்டித்து 1930-இல் பதவி விலகிய பின்னும் அந்தக் கோரிக்கையை அவர் கைவிடவில்லை. கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது 1947-இல்தான்.

எங்கள் உறுப்பினர் அடுத்த தேர்தலில் தோற்றார். அதுவரை பாலத்துக்கு நிதி ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. அந்தக் கோப்பைப் புதிய உறுப்பினரிடம் ஒப்படைக்கச் சொன்னார். மாற்றுக் கட்சிக்காரராயிற்றே என்று நான் தயங்கியபோது, “தேதி எல்லாம் விடாம எழுதிக் குடுங்க தம்பி, அவரு முதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டாம்” என்றார். கேள்வி, பதில், கடிதம் எல்லாவற்றையும் தேதிவாரியாக எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். புதியவர் தம் முதல் கூட்டத்தொடரிலேயே அதைக் கேள்வியாகக் கொடுத்தார்.