மேல ஊத்திக்க ஒண்ணுமில்ல

"பருப்பு இன்னும் வரலக்கா. அரிசி, சர்க்கரை மட்டும்தான்."

ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அக்கா பதிலே பேசவில்லை. கொண்டுவந்த இரண்டு பைகளில் சின்னதை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

நாகைப் பக்கம் தெருத்தெருவாகக் கூடையில் மீன் விற்பவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு போகாது. நாட்டுப்படகில் வரும் கொஞ்சநஞ்ச மீனும் இவர் ஏலம் எடுக்கிற விலையில் இல்லை.

"சோத்துக்குக் குறையில்ல தம்பி. மேல ஊத்திக்கத்தான் ஒண்ணுமில்ல."

2011-லிருந்து இங்கே ரேஷன் அரிசிக்குக் காசில்லை. பெரிய விஷயம்தான். அதைக் கிண்டலடிக்கிறவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது.

ஆனால் இந்த மே மாதத்தைப் பாருங்கள். கடல் மூடிக் கிடக்கிறது. பள்ளிக்கூடமும் லீவு, அதனால் பிள்ளைகளுக்குக் காலைச் சிற்றுண்டி இல்லை, சத்துணவு முட்டை இல்லை. வயல் வேலைக்குப் போகலாமென்றால், மேட்டூர் திறக்கிற வழக்கமே ஜூன் 12. மழை, தண்ணீர் சரியாக இருந்தால்.

எல்லாம் ஒரே மாசத்தில்தான் வந்து விடிகிறது.

எதிர்க்கடையில் அக்கா இரண்டு முட்டை வாங்கினார். வீட்டில் எத்தனை பேர் என்றேன். அஞ்சு பேராம்.

"உடைச்சு ஊத்திக் குழம்பு வெச்சா புள்ளைங்களுக்கு வந்துரும்."