யாருடைய ஏஜென்ட்? ஆஸ்திரேலிய ஸ்பான்சர் விசாவும் என் 60 நாள்களும்

போன மாதம் என் சித்தப்பா மகன் தொலைபேசியில் அழைத்தான். சிவில் இன்ஜினீயர், வயது 31. மேற்கு ஆஸ்திரேலியாவில் உள்ள ஒரு கட்டுமான நிறுவனம் அவனுக்கு வேலை கொடுத்து விசாவுக்கு ஸ்பான்சர் செய்யத் தயாராக இருக்கிறது. அதே நேரத்தில், எந்த நிறுவனத்தின் தயவும் இல்லாமல் நேரடியாகவே பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) வாங்கித் தருவதாக ஒரு கன்சல்டன்சியும் மூன்று தவணைகளில் கட்டணம் கேட்டு அவனைத் துரத்திக்கொண்டிருக்கிறது. "கம்பெனி வழியா போறதா, ஏஜென்ட் வழியா போறதா, எதுண்ணா நல்லது?" என்று கேட்டான். அரை மணி நேரம் பேசியும் எனக்கே நிறைவாக இல்லாததால், அவனுக்குச் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், அந்தக் கேள்வியிலேயே ஒரு சிக்கு இருக்கிறது. ஸ்பான்சர்ஷிப் என்பது விசாவின் வகை. ஏஜென்ட் என்பவர் விண்ணப்பத்தைத் தயாரித்துக் கொடுக்கும் ஆள். நிறுவனம் ஸ்பான்சர் செய்யும் விசாவிலும் பெரும்பாலும் ஓர் ஏஜென்ட் இருப்பார், ஆனால் அவரை அமர்த்துவது நிறுவனம். வயது, படிப்பு, அனுபவம் போன்றவற்றுக்குத் தரும் புள்ளிகளின் அடிப்படையிலான 189, 190, 491 விசாக்களுக்கோ ஏஜென்ட் வைத்துத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. ஆகவே உண்மையில் யோசிக்க வேண்டியவை இரண்டு: அந்த நாட்டில் நாம் தங்கியிருப்பது யார் கையில் இருக்கப்போகிறது, நமக்காகப் பேசுவதாகச் சொல்லும் ஏஜென்ட் உண்மையில் யாருடைய ஏஜென்ட்.

இரண்டாவது கேள்வியை நான் கேட்கத் தவறினேன். 2019 ஆகஸ்டில், நிறுவனம் ஸ்பான்சர் செய்யும் தற்காலிக வேலை விசாவான 482இல் நான் விக்டோரியாவுக்கு வந்தபோது எல்லா வேலையையும் நிறுவனமே பார்த்துக்கொண்டது. ஏஜென்ட் நல்ல மனிதர். கேட்ட சான்றிதழ்களை அனுப்பினேன், அவர் அனுப்பிய படிவங்களில் கையெழுத்திட்டேன், ஆறேழு வாரங்களில் விசா வந்துவிட்டது. அவர் அனுப்பியிருந்த ஒப்பந்தக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், வாடிக்கையாளர் என்ற சொல்லுக்கு எதிரே நிறுவனத்தின் பெயர் மட்டும் இருந்ததையும், அதற்கு இரண்டு வரி கீழே, நிறுவனத்தின் நலனும் பணியாளரின் நலனும் முரண்படும் நிலை வந்தால் பணியாளர் தனியாக ஆலோசனை பெற்றுக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்ததையும் நான் படித்தது மூன்று ஆண்டுகள் கழித்துத்தான்.

2022 மே மாதம் நிறுவனத்தின் பெரிய ஒப்பந்தம் ஒன்று கைநழுவிப்போனது. எங்கள் பிரிவில் நான்கு பேரை அனுப்பிவிட்டார்கள், அதில் நானும் ஒருவன். அப்போதைய விதியின்படி அதே நிறுவனத்தில் மூன்று ஆண்டுகள் முடித்தால்தான் 186 விசா வழியாக நிரந்தர வசிப்புரிமைக்கு நிறுவனம் என்னை நாமினேட் செய்ய, அதாவது அரசிடம் முன்மொழிய, முடியும். எனக்கு மூன்று மாதங்கள் குறைந்தன. வேலை போன நாளிலிருந்து 60 நாள்களுக்குள் வேறு ஸ்பான்சர் கிடைக்க வேண்டும், அல்லது வேறு விசாவுக்கு மாற வேண்டும், அல்லது மூட்டை கட்ட வேண்டும். நிறுவனத்தின் ஏஜென்ட்டை அழைத்தேன். அவர் வருத்தத்தோடுதான் பேசினார், ஆனால் நிறுவனம் தன் வாடிக்கையாளர் என்பதால் இந்த விஷயத்தில் எனக்கு ஆலோசனை சொல்ல இயலாது என்றார். அவர் சொன்னது முழுக்க முழுக்கச் சரி. கோபப்படக்கூட எனக்கு இடமில்லை.

அடுத்த நாள் என் சொந்தக் காசில் வேறொரு ஏஜென்ட்டிடம் ஒரு மணி நேர ஆலோசனைக்குப் போனேன். அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஸ்கில் அசெஸ்மென்ட் முடித்துவிட்டீர்களா?" என்பது. 482 விசாவுக்கு என் தொழிலில் அந்தத் தொழில்திறன் மதிப்பீடு தேவைப்படவில்லை என்பதால் நான் அதைத் தொடவே இல்லை. புள்ளிகள் வழி எந்த விசாவுக்கும் அது இல்லாமல் வாசல்படியைக்கூட மிதிக்க முடியாது. இன்ஜினீயர்ஸ் ஆஸ்திரேலியா என்ற அமைப்புதான் அந்த மதிப்பீட்டைச் செய்கிறது. இன்ஜினீயரிங் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையின் கீழ் அங்கீகாரம் பெற்ற பட்டமாக இருந்தால் வேலை எளிது. இந்தியா 2014இல் அந்த உடன்படிக்கையில் முழு உறுப்பினரானது, ஆனால் நம் கல்லூரிகளின் எல்லாப் பட்டங்களும் அதற்குள் வருவதில்லை, என்னுடையதும் வரவில்லை. ஆகவே சி.டி.ஆர். எனப்படும் திறன் அறிக்கையை நான் எழுத வேண்டியிருந்தது.

அந்த அறிக்கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கன்சல்டன்சிகள் காசு பார்க்கும் இடம் இதுதான். மூன்று பணி அனுபவக் கட்டுரைகள், ஒவ்வொன்றும் 1,000 முதல் 2,500 சொற்கள், ஒவ்வொரு பத்திக்கும் எண், பிறகு எந்தத் திறன் எந்தப் பத்தியில் வெளிப்படுகிறது என்று காட்டும் ஒரு சுருக்க அட்டவணை. நான் எழுதிய முதல் வரைவில் வரிக்கு வரி "நாங்கள் வடிவமைத்தோம்", "நாங்கள் கணக்கிட்டோம்" என்றே இருந்தது. குழுவோடு வேலை செய்து பழகிய நாக்கு அப்படித்தான் பேசும். ஆனால் மதிப்பிடுபவர்களுக்கு வேண்டியது நான் என்ன செய்தேன் என்பது. ஒரு சிறுபாலத்தின் அடித்தளத்தைப் பற்றிய கட்டுரையில் "நாங்கள்" என்பதையெல்லாம் "நான்" என்று மாற்ற உட்கார்ந்தபோது, பாதி இடங்களில் அந்த மாற்றம் பொய்யாகிவிடும் என்று தெரிந்தது. அந்தப் பத்திகளைத் தூக்கிப்போட்டுவிட்டு, நானே மண் பரிசோதனை முடிவுகளை வைத்துக் கணக்கை மாற்றிய நாளை எழுதினேன். இதை இன்னொருவர் எழுதித் தர முடியாது. எழுதித் தருகிறோம் என்பவர்கள் ஒரே கட்டுரையைப் பத்துப் பேருக்கு விற்கிறார்கள், களவு எழுத்தைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் அதைப் பிடித்துவிடுகிறது. பொய்யான தகவலோ ஆவணமோ விசா விண்ணப்பத்துக்குள் போய்விட்டாலோ, 4020 என்ற எண்ணால் அறியப்படும் விதியின்கீழ் மூன்று ஆண்டுகளுக்கு விசா மறுக்கப்படலாம். ஏஜென்ட் செய்த வேலை அது என்று சொல்லித் தப்புவது மிகக் கடினம்.

என் கதைக்கு வருகிறேன். 60 நாள்களில் மதிப்பீட்டை முடிக்க வாய்ப்பே இல்லை. ஊரில் நான் முதலில் வேலை பார்த்த நிறுவனம் மூடப்பட்டிருந்தது, அனுபவச் சான்றிதழுக்குப் பழைய மேலாளரைத் தேடிப் பிடிக்கவே மூன்று வாரங்கள் ஆயின. போதாக்குறைக்கு, அந்த ஆண்டு பிப்ரவரியில் எனக்கு 33 வயது நிறைந்திருந்தது. புள்ளிக் கணக்கில் 25 முதல் 32 வயது வரை 30 புள்ளிகள், 33 ஆனதும் 25. நிறுவனம் பி.ஆர். வாங்கித் தரும் என்று காத்திருந்த காலத்தில் என் பிறந்தநாள் வந்து ஐந்து புள்ளிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டது. கடைசியில் வேறொரு நிறுவனம் என்னை எடுத்துக்கொண்டு, 58ஆம் நாளன்று அவர்களுடைய நாமினேஷனுக்கு ஒப்புதல் கிடைத்தது. மூன்று ஆண்டுக் கணக்கு மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. இம்முறை நான் காத்திருக்கவில்லை. மதிப்பீட்டை முடித்து, மாநில அரசின் நாமினேஷனோடு 190 விசாவுக்குப் போனேன்.

அப்போதிருந்த விதிகள் இன்று அப்படியே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2024 ஜூலை 1 முதல், ஸ்பான்சரை இழந்தவருக்கு ஒரே தடவையில் 180 நாள்கள் வரை, விசாக் காலம் முழுவதற்குமாக 365 நாள்கள் வரை அவகாசம் உண்டு; அந்த இடைவெளியில் வேறு வேலையும் பார்க்கலாம். 2024 டிசம்பர் 7 அன்று பழைய 482க்குப் பதிலாக ஸ்கில்ஸ் இன் டிமாண்ட் விசா வந்தது. முன்பு இரண்டு ஆண்டு அனுபவம் கேட்டார்கள், இப்போது ஓர் ஆண்டு போதும். 186க்கான மூன்று ஆண்டுகள் இரண்டாகக் குறைந்ததோடு, அங்கீகாரம் பெற்ற வேறு ஸ்பான்சரிடம் வேலை செய்த காலமும் கணக்கில் சேர்கிறது. 2022இல் இந்த விதிகள் இருந்திருந்தால் எனக்கு இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது. எனவே, கைப்பிடி இறுகியிருந்த அந்தக் காலத்தின் கசப்பை வைத்துக்கொண்டு ஸ்பான்சர்ஷிப் வேண்டாம் என்று தம்பியிடம் சொல்ல எனக்கு மனமில்லை.

பணத்தைப் பற்றியும் அவன் கேட்டான். ஸ்பான்சராக அங்கீகாரம் பெறும் செலவு, நாமினேஷன் கட்டணம், அவற்றுக்காக ஏஜென்ட்டுக்குத் தரும் தொகை, பணியாளர் பயிற்சி நிதிக்காக அரசு வசூலிக்கும் தீர்வை, இவை அனைத்தும் நிறுவனத்தின் தலையில்தான். அந்தத் தீர்வை தற்காலிக விசாவுக்குச் சிறிய நிறுவனமானால் ஆண்டுக்கு 1,200 டாலர், ஒரு கோடி டாலருக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனமானால் 1,800 டாலர். இவற்றைப் பணியாளரிடமிருந்து திரும்ப வசூலிக்கக் கூடாது என்பது சட்டம். விசா விண்ணப்பக் கட்டணம் மட்டும் வேறு கதை, அதை நாமே கட்டச் சொல்லலாம். தம்பிக்கு வந்த வேலைக் கடிதத்தில், இரண்டு ஆண்டுகளுக்குள் விலகினால் "குடியேற்றச் செலவுகள் அனைத்தையும்" திருப்பித் தர வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அந்த "அனைத்தையும்" என்ற சொல்லை அப்படியே ஒப்புக்கொள்ளாமல், எவையெவை என்று எழுத்தில் கேட்கச் சொன்னேன். இதைவிட மோசமானது, ஸ்பான்சர்ஷிப்புக்கே விலை பேசுவது. 2015 டிசம்பர் முதல் அது ஆஸ்திரேலியாவில் குற்றம். வாங்கியவருக்குச் சிறை வரை போகலாம், கொடுத்தவருடைய விசாவும் ரத்தாகலாம்.

இனி அந்தக் கன்சல்டன்சி. ஆஸ்திரேலியாவுக்குள் குடியேற்ற ஆலோசனையைத் தொழிலாகச் செய்பவர் அரசின் பதிவேட்டில் இருக்க வேண்டும், அல்லது வழக்கறிஞராக இருக்க வேண்டும். பதிவு பெற்றவருக்கு ஏழு இலக்க எண் ஒன்று உண்டு. பதிவாணையத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டு யாரும் காசில்லாமல் சரிபார்க்கலாம். ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இருந்து தொழில் செய்பவருக்கு இந்தப் பதிவு கட்டாயமில்லை என்பதுதான் ஓட்டை. தம்பி எண்ணைக் கேட்டபோது, "எங்கள் ஆஸ்திரேலிய அலுவலகத்தில் இருக்கிறது" என்று பதில் வந்ததாம். அதற்கு மேல் எண் வரவே இல்லை. பி.ஆர். உறுதி என்று எழுதித் தரவும் தயார் என்றார்களாம். முடிவு யார் கையிலும் இல்லாதபோது அதை உறுதி என்று சொல்ல ஒழுங்காகத் தொழில் செய்யும் எந்த ஏஜென்ட்டும் துணியமாட்டார். அவர்கள் முதல் தவணைக்குச் செய்து தருவதாகச் சொன்ன வேலை, ஸ்கில்செலக்ட் என்ற அரசுத் தளத்தில் புள்ளிகள் வழி விசாவுக்கான விருப்பத்தைப் பதிவு செய்வது. அதற்கு அரசு ஒரு டாலர்கூட வாங்குவதில்லை.

நல்ல ஏஜென்ட் தேவையே இல்லை என்று நான் சொல்லவில்லை. முன்பு விசா மறுக்கப்பட்டவர், உடல்நலச் சிக்கல் உள்ள குழந்தையோடு விண்ணப்பிப்பவர், படிப்பும் செய்த வேலையும் ஒத்துப்போகாதவர் ஆகியோர் ஒரு மணி நேர ஆலோசனைக்காவது பணம் கொடுக்கத்தான் வேண்டும். எனக்கு அந்த அம்மா ஒரு மணி நேரத்தில் சொன்னது மூன்று ஆண்டுகளில் யாரும் சொல்லாதது. ஆனால் ஏஜென்ட்டால் புள்ளிகளைக் கூட்ட முடியாது, அவர் அனுப்பினார் என்பதற்காகக் கோப்பு வரிசையில் முன்னால் போவதுமில்லை.

தம்பியிடம் கடைசியாகச் சொன்னது இது: நிறுவனத்தின் வாய்ப்பை ஏற்றுக்கொள், ஆனால் விமானம் ஏறும் முன் மதிப்பீட்டுக்கு உன் பெயரில் நீயே விண்ணப்பித்துவிடு, சான்றிதழ் தர வேண்டிய மேலாளர்கள் இன்னும் அதே நாற்காலியில் இருக்கிறார்கள். அவனுக்கும் 33 வயதாக இன்னும் ஒன்றரை ஆண்டுகூட இல்லை.

நேற்று இரவு ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தான். நிறுவனத்தின் ஏஜென்ட் அனுப்பிய ஒப்பந்தக் கடிதத்தின் இரண்டாம் பக்கம். எண்ணைச் சரிபார்த்துவிட்டானாம், பதிவு சரியாக இருக்கிறதாம். வாடிக்கையாளர் என்ற இடத்தில் நிறுவனத்தின் பெயர் மட்டும் இருந்தது; அதைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டமிட்டு, கீழே "இது நம்ம ஆளு இல்லண்ணா" என்று எழுதியிருந்தான். கூடவே ஒரு கோப்பு, முதல் பணி அனுபவக் கட்டுரையின் வரைவு. முதல் பத்தியிலேயே நான்கு "நாங்கள்" இருக்கின்றன.