எழுத்து மையத் தேர்வு: பேனாவைப் பைக்குள் வைத்துவிடுங்கள்

மாணவர்கள் தங்கள் கட்டுரைகளைக் கொண்டுவந்து கலந்துபேசி உதவி பெறும் பல்கலைக்கழக எழுத்து மையத்தில் மாணவப் பயிற்றுநராகச் சேர்வதற்கான தேர்வை இரண்டாம் முறையாக எழுதி, நேற்று முன்தினம் வெளியான பட்டியலில் என் பெயரைக் கண்டேன். முதல் முறையும் மாதிரிக் கட்டுரைக்கு நல்ல மதிப்பெண்ணே கிடைத்திருந்தது. என்னைக் கவிழ்த்தது மாதிரி அமர்வுதான்.

அன்று, மாணவியாக நடித்த தேர்வாளர் கட்டுரையை மேசைமேல் வைத்ததுமே அதை என் பக்கம் இழுத்துக்கொண்டு, சிவப்புப் பேனாவால் எழுத்துப்பிழை, கால மயக்கம், நிறுத்தக்குறி என வரிவரியாகத் திருத்தத் தொடங்கினேன். 20 நிமிடத்தில் முதல் பக்கம் சிவந்துபோயிற்று. அவரோ கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டார். நேரம் முடிந்ததும், கட்டுரையின் பின்னால் பிணைத்திருந்த வினாத்தாளைப் புரட்டிக் காட்டினார். இரண்டு காரணங்களை ஒப்பிடுமாறு வினா கேட்டிருந்தது. கட்டுரையில் இருந்ததோ ஒன்றுதான். பின்னால் வினாத்தாள் இருப்பதை ஒரு வார்த்தையில் முன்பே அறிவித்திருக்கலாமே என்ற கசப்பு எனக்கு இன்னும் தீரவில்லை.

இம்முறை பேனாவை எடுக்கவே இல்லை. முதலில் வினாவைக் கேட்டறிந்தேன்; பிறகு கட்டுரையை அவரையே உரக்கப் படிக்கச் சொன்னேன். மூன்றாம் பத்தியில் அவர் தயங்கியபோது, வாய்வரை வந்த விடையை விழுங்கிவிட்டு மனத்துக்குள் 10 வரை எண்ணினேன். ஏழாவது எண்ணில், “இதற்கும் முந்திய பத்திக்கும் தொடர்பே இல்லையே” என்றார் அவர். எனக்கு இடம் கிடைத்தது அந்த ஏழு எண்ணிக்கையால்தான் என்று உறுதியாக நம்புகிறேன்.

அமர்வுக்கு முன் நினைவில் கொள்ள வேண்டியவை:
– எதிரே அமராமல் பக்கத்தில் அமருங்கள்.
– சமர்ப்பிக்கும் நாளைக் கேளுங்கள். நாளையே என்றால் கட்டமைப்பை முழுவதும் மாற்றச் சொல்லாதீர்கள்.
– வாதமும் அமைப்பும் முதலில், பிழைகள் பிறகு.

நேர்காணலில் கோட்பாடும் கேட்பார்கள். கட்டுரையைச் சீராக்குவதைவிட எழுதுபவரை வளர்ப்பதே மையத்தின் வேலை என்று 1984-இல் எழுத்து மைய ஆய்வாளர் ஸ்டீபன் நார்த் வாதிட்டதையும், பயிற்றுநர் இயன்றவரை தலையிடாதிருக்க வேண்டும் என்று 1991-இல் ஜெஃப் புரூக்ஸ் வலியுறுத்தியதையும் எல்லோரும் ஒப்பிப்பார்கள். அப்போக்கை 1995-இல் லிண்டா ஷமூனும் டெபோரா பர்ன்ஸும் விமர்சித்து, நேரடியாகக் கற்பிப்பதற்கும் இடமுண்டு என்றதைச் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டாம் மொழியில் எழுதும் மாணவர் ஓரிடத்தில் எந்த முன்னிடைச்சொல் (ஆங்கிலத்தின் in, at போன்றவை) வரும் என்று கேட்கும்போது, “உங்களுக்கு என்ன தோன்றுகிறது?” என்று திருப்பிக் கேட்பது வெறும் அலைக்கழிப்பு, விடையைச் சொல்லி, காரணத்தையும் விளக்கிவிடுங்கள்.

இவையெல்லாம் என்னைப் போன்ற வாயாடிகளுக்கான மருந்து. இயல்பிலேயே குறைவாகப் பேசும் என் தோழி இதே அமர்வில் பேசாமலே இருந்து மதிப்பெண்ணை இழந்தாள். அத்தகையோர் 10 வரை எண்ணுவதை விட்டுவிட்டு, கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை முன்கூட்டியே எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போகலாம்.