ஸ்டாக்கிங்ஸ் அளவு கணுக்காலில் தொடங்குகிறது

நரம்புச் சுருட்டலுக்கு (வெரிகோஸ் வெயின்) காலை இறுக்கிப் பிடிக்கும் ஸ்டாக்கிங்ஸ் கேட்டு சர்ஜிக்கல் கடைக்குப் போனால், பல இடங்களில் செருப்பு சைஸைக் கேட்கிறார்கள். இல்லையென்றால் ஆளை ஒருமுறை பார்த்துவிட்டு 'எல்' எடுத்துப் போடுகிறார்கள். இரண்டுமே தப்பு. பாதத்தின் நீளத்துக்கும் ஆளின் பருமனுக்கும் இந்த அளவில் பெரிய பங்கில்லை. கணுக்காலின் சுற்றளவுதான் முதலில் தெரிய வேண்டும்.

இந்த ஸ்டாக்கிங்ஸ் கணுக்காலில் அதிகமாகவும், மேலே போகப் போகக் குறைவாகவும் அழுத்தும்படி நெய்யப்படுகிறது. பெட்டியில் போட்டிருக்கும் எண் கணுக்காலில் விழும் அழுத்தம். அங்கே தளர்ந்து போய் கெண்டைக்காலில் மட்டும் இறுகினால், மேலே ஏற வேண்டிய ரத்தம் கீழேயே தேங்கும். அப்படிப் போடுவதற்குப் போடாமலே இருக்கலாம்.

அளவைக் காலையில், படுக்கையை விட்டு எழுந்ததும் எடுங்கள். சாயங்காலம் வீங்கிய காலில் எடுத்தால், மறுநாள் காலை வடிந்த காலுக்கு அது தொளதொளக்கும். காலையிலும் வீக்கம் வடியாதவர்களுக்கு முதலில் சில நாள் பேண்டேஜ் சுற்றி வீக்கத்தைக் குறைத்த பிறகுதான் அளவெடுக்க வேண்டும். இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பதால்தான் பலருக்கு இரண்டே வாரத்தில் ஸ்டாக்கிங்ஸ் நழுவுகிறது.

வேண்டியது தையல்காரர் வைத்திருக்கும் இஞ்ச் டேப். சென்டிமீட்டர் பக்கத்தைப் பாருங்கள். கொலுசைக் கழற்றிவிடுங்கள். இரண்டு காலிலும் எடை சமமாக இருக்கும்படி நின்றுகொண்டு, வேறொருவரை அளக்கச் சொல்வது நல்லது. நாமே குனிந்தால் கால் வளைந்து கணக்கு மாறும். கணுக்கால் எலும்புக்குச் சற்று மேலே, கால் மிக ஒல்லியாக இருக்கும் இடத்தில் முதல் சுற்றளவு. கெண்டைக்கால் மிகப் பருத்திருக்கும் இடத்தில் இரண்டாவது. முழங்கால் மடிப்புக்கு இரண்டு விரற்கடை கீழே மூன்றாவது. பிறகு தரையிலிருந்து அந்த மூன்றாவது இடம் வரை உயரம். டேப் தோலில் படிந்திருக்க வேண்டும், தோலை அமுக்கக் கூடாது. இரண்டு காலையும் தனித்தனியே அளந்து எழுதுங்கள். ஒரு காலில் மட்டும் நோய் இருந்தால் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் சாதாரணமாக வரும்.

இந்த எண்களோடு அந்தந்தக் கம்பெனியின் அட்டவணையைப் பாருங்கள். ஒரு கம்பெனியின் 'எம்' இன்னொன்றின் 'எல்' ஆக இருக்கும். கணுக்கால் ஒரு கட்டத்திலும் கெண்டைக்கால் அடுத்த கட்டத்திலும் விழுந்தால் கணுக்காலை விட்டுக்கொடுக்காதீர்கள். அதே சைஸில் அகலக் கெண்டைக்காலுக்கென்று செய்தது இருக்கிறதா என்று கேளுங்கள். அதுவும் பொருந்தாவிட்டால் அளவு கொடுத்துச் செய்வதுதான் வழி. யானைக்கால் வீக்கம் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் கடையில் தொங்கும் சைஸ்கள் சரிப்படாது. அவர்களுக்கு அளவெடுத்து நெய்யும், பின்பக்கம் தையல் ஓடும் கெட்டியான வகை தேவை.

அழுத்தத்தை 'கிளாஸ் 2' என்று மட்டும் எழுதி வாங்காதீர்கள். ஜெர்மன் கணக்கில் கிளாஸ் 2 என்பது 23 முதல் 32 மி.மீ. பாதரசம் (ரத்த அழுத்தம் அளக்கும் அதே அலகு). பிரிட்டிஷ் கணக்கில் 18 முதல் 24. பிரெஞ்சுக் கணக்கில் 15 முதல் 20. டாக்டரிடம் மி.மீ. எண்ணையே எழுதித் தரச் சொல்லுங்கள். ஆபரேஷனுக்குப் பின் ஆஸ்பத்திரியில் போட்டுவிடும் வெள்ளை ஸ்டாக்கிங்ஸ் படுத்திருப்பவர்களுக்கானது. அதை வைத்து நடமாடும் காலின் நோய்க்கு வைத்தியம் பார்க்க முடியாது.

காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியில் அடைப்பு உள்ளவர்கள், இதயம் மிகப் பலவீனமானவர்கள், சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி மங்கியவர்கள் தாமாக வாங்கிப் போடவே கூடாது. கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தத்தை எடுத்து ஒப்பிடும் சோதனை ஒன்று உண்டு. வயதானவர்களும் சர்க்கரைக்காரர்களும் அதைக் கேட்டுச் செய்துகொள்வது அவசியம்.

நம் வெயிலுக்கு முழங்காலுக்குக் கீழ் வரும் நீளமே பெரும்பாலானவர்களுக்குப் போதும். தொடை வரை போவது வியர்வையில் இறங்கும், பிறகு யாரும் போடுவதில்லை. போடாமல் பீரோவில் கிடக்கும் ஸ்டாக்கிங்ஸால் என்ன பயன்? மெட்டி போடுகிறவர்களுக்கு விரல் திறந்த வகை நல்லது. மூடிய வகையில் மெட்டி விரலில் அழுந்தும், நூலும் இழுபடும்.

ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்பவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தமே வந்தது. நின்று வேலை பார்க்கும் யாரானாலும் ஸ்டாக்கிங்ஸை வேலைக்குப் போன பிறகு போடக் கூடாது. காலை எழுந்ததும், கால் வீங்கும் முன் போட வேண்டும்.

போடும்போது மேல் பட்டியைப் பிடித்து இழுக்காதீர்கள். உள்ளே கைவிட்டுக் குதிகால் பையைப் பிடித்து, அதுவரை உட்புறம் வெளியே வரும்படி திருப்புங்கள். பாதத்தை நுழைத்துக் குதிகாலை அதன் இடத்தில் உட்கார வையுங்கள். பிறகு பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, உள்ளங்கையால் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தடவி ஏற்றுங்கள். விரல் திறந்த வகையானால் பாதத்தில் வழவழப்பான பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு ஏற்றிவிட்டு, பையை விரல் பக்கம் உருவிவிடலாம். எண்ணெயும் கிரீமும் இரவில் மட்டும்.

நீளம் மிஞ்சினால் மேலே மடித்துவிடுவதுதான் மிக ஆபத்தான பழக்கம். மடித்த இடத்தில் அழுத்தம் இரட்டிப்பாகி, கயிறு கட்டியதுபோல ரத்தத்தை நிறுத்தும். கணுக்கால் வளைவில் சுருக்கம் விழுந்தாலும் அங்கே தோல் புண்ணாகும். மேல் பட்டி தானாகச் சுருண்டு இறங்கினால் நீளம் அதிகம், அல்லது கெண்டைக்காலுக்குச் சிறியது. பட்டி மட்டும் வெட்டுகிறது என்றால் மூன்றாவது அளவைச் சரிபாருங்கள். விரல் மரத்தாலோ, நீலம் பாய்ந்தாலோ, வலித்தாலோ உடனே கழற்றிவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு தினமும் துவையுங்கள். துவைத்தால்தான் நூல் மறுபடி சுருங்கி இறுக்கம் திரும்பும். மென்மையான சோப்பு போதும், துணி மிருதுவாக்கும் திரவம் வேண்டாம். பிழியாமல் துண்டில் சுருட்டி அமுக்கி, நிழலில் காயப்போடுங்கள். தினமும் போட்டால் ஏறத்தாழ ஆறு மாதத்தில் இழுவை போய்விடும். அடுத்த ஜோடியைப் பழைய பெட்டியைக் காட்டி வாங்காதீர்கள். அதற்குள் வீக்கம் வடிந்து காலின் அளவு மாறியிருக்கலாம் என்பதால், காலையில் மறுபடி டேப் எடுத்து அளந்துவிட்டே கடைக்குப் போங்கள்.