'இத்தி'யைத் தேடிய இரவு

பழங்கால மெசொப்பொத்தேமியாவில், அதாவது இன்றைய ஈராக் பகுதியில், வழங்கிய அக்காடிய மொழியின் வகுப்பில் நாங்கள் ஐந்தே பேர். பேசுவதற்கு ஆள் இல்லாத மொழி என்பதால் உரையாடல் பயிற்சியெல்லாம் கிடையாது. ஆளுக்கு ஒரு வரி வாசிக்க வேண்டும். ஆப்பு வடிவக் கோடுகளாலான ஆப்பெழுத்தைப் பார்த்து ஒலிகளை எழுதி, அவற்றைச் சொற்களாகச் சேர்த்து, ஒவ்வொரு வினைக்கும் வேரும் வடிவமும் சொல்ல வேண்டும். அப்புறம்தான் மொழிபெயர்ப்பு. ஊகித்துச் சொன்னால் "எப்படித் தெரியும்?" என்ற கேள்வி உடனே வரும்.

முதலில் மிரட்டியது எழுத்து. ஒரே குறியை ஓரிடத்தில் 'அன்' என்றும் வேறிடத்தில் 'இல்' என்றும் படிக்க வேண்டும். கடவுளின் பெயருக்கு முன்னால் வந்தால் வாயே திறக்கக் கூடாது. வருவது தெய்வத்தின் பெயர் என்று காட்டத்தான் அது நிற்கிறது. கண்ணால் பார்த்துப் படித்ததெல்லாம் ஒரு வாரத்தில் மறந்து போனது. தினமும் பத்துக் குறிகளைக் கையால் எழுதிப் பழகிய பிறகுதான் மனதில் நின்றன.

இரண்டாம் பருவத்தில் பாபிலோன் மன்னன் ஹம்முராபியின் சட்டங்கள். கி.மு. 18-ஆம் நூற்றாண்டில் கல்லில் வெட்டியவை. அந்தக் கல் இப்போது பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதல் சட்டமே என் பங்குக்கு வந்தது. அதில் 'இத்தி' என்றொரு வினை. அகராதியில் இகரத்தில் தேடினால் இல்லை. சிகாகோ பல்கலைக்கழகம் 1921-ல் தொடங்கி ஏறக்குறைய 90 ஆண்டுகளில் முடித்த பேரகராதி அது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் எந்த வேரில் தேடுவது என்று தெரியாவிட்டால் என்ன செய்ய? பாதி இரவு போன பிறகுதான் பிடிபட்டது. வேரின் முதலில் இருக்கும் நகர மெய் அடுத்த மெய்யோடு ஒன்றி மறைந்துவிடும். தேட வேண்டிய சொல் 'நதூ'. பொருள்: எறி, போடு.

அதாவது, அந்தச் சட்டத்தில் ஒருவன் கொலையை இன்னொருவன் மேல் 'போடுகிறான்'! பழி போடுவது என்று நாம் சொல்வதே அப்படித்தானே. உடனே முழு வாக்கியத்தையும் தமிழில் எழுதிப் பார்த்தேன்: "ஒருவன் இன்னொருவனைக் குற்றம் சாட்டி, கொலையை அவன் மேல் போட்டு, அதை நிரூபிக்காவிட்டால், சாட்டியவன் கொல்லப்படுவான்." மூலத்தில் வினைமுற்றோடு 'ம' சேர்த்து அடுத்த வினைக்குத் தாவுகிறார்கள், அந்த இடத்தில் நம் வினையெச்சம் அப்படியே பொருந்தியது. வினை கடைசியில் வருவதும் நம்மைப் போலவே.

மறுநாள் ஆசிரியரிடம் காட்டினேன். அக்காடியத்தின் உறவு மொழிகளான அரபியிலும் பழைய எபிரேயத்திலும் வினை பெரும்பாலும் முன்னால் வரும், இங்கே கடைசிக்குப் போனதற்குக் காரணம் பக்கத்திலேயே வாழ்ந்த சுமேரிய மொழி என்றார். எனக்கு அன்று முழுவதும் அதே நினைப்பு.

அதன் பிறகு வீட்டுப்பாடம் எல்லாம் முதலில் தமிழில்தான். பருவத் தேர்வில் முன்பு பார்த்திராத ஒரு கடிதம் வந்தது. அதையும் விடைத்தாளின் ஓரத்தில் பென்சிலால் தமிழில் எழுதிவிட்டுத்தான் பதிலைத் தொடங்கினேன். இரண்டு வினைகளின் வேரைத் தவறவிட்டேன். வாக்கியம் ஒன்றுகூடத் தவறவில்லை.