காஞ்சியில் விட்டுப்போன பொன்

காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலின் முன்மண்டபத்தில் ஒரு தூணில் கன்னட எழுத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. பிரதோஷத்துக்குப் பிரதோஷம் அம்மாவோடு அந்தத் தூணைக் கடந்து போயிருக்கிறேன். அது என்ன மொழி என்றுகூட யோசித்ததில்லை. ஒருநாள் கோயிலுக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர்தான் நிறுத்திச் சொன்னார். பல்லவர் தலைநகரைப் பிடித்த சாளுக்கிய அரசன் இரண்டாம் விக்கிரமாதித்தன் இந்தக் கோயிலின் செல்வத்தைப் பார்த்தான், எடுக்கவில்லை, ஈசனுக்கே விட்டுவிட்டுப் போனான், அதைத்தான் இங்கே வெட்டி வைத்திருக்கிறார்கள் என்று.

அம்மா உடனே கேட்டாள்: "அந்த ராஜா ஊர்ல கோயில் இருக்கா?"

இருக்கிறது. கர்நாடகத்தில் பட்டதக்கல். சரி, போய்விட்டு வரலாம் என்று பெங்களூரிலிருந்து இரவு ரயில் ஏறி, காலையில் பாதாமியில் இறங்கினோம்.

பாதாமிதான் பழைய வாதாபி. 543இல் முதலாம் புலிகேசி கோட்டை கட்டிய மலையும், எதிர்மலையும், நடுவே அகஸ்திய தீர்த்தம் என்ற பெரிய ஏரியும், எங்கு பார்த்தாலும் ஒரே செம்பாறை. முதல் குடைவரையின் வாசலிலேயே பதினெட்டுக் கைகளோடு நடராஜர். தில்லையில் நாம் பார்க்கும் நான்கு கை ஆனந்தக் கூத்தரையே மனதில் வைத்துக்கொண்டு போனால் கொஞ்சம் திகைப்பாகத்தான் இருக்கும். அம்மா கைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது ஒரு குரங்கு எங்கள் வாழைப்பழப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டது. "ஆஞ்சநேயருக்கு நைவேத்தியம்" என்று அதோடு விட்டுவிட்டாள். நான்கு குடைவரைகளில் மூன்றாவதுதான் பெரியது. விஷ்ணுவுக்கானது. 578இல் அரசன் கீர்த்திவர்மன் காலத்தில் அவன் தம்பி மங்களேசன் செய்தது என்று அங்கேயே கல்வெட்டு இருக்கிறது. நான்காவது சமணருக்கு.

அம்மாவுக்கு ஒரே குறை. வாதாபிக்கு வந்தும் வாதாபி கணபதியைப் பார்க்க முடியவில்லையே! சிறுத்தொண்ட நாயனார் பல்லவர் படைத்தலைவர் பரஞ்சோதியாராக வாதாபி மேல் படை நடத்திய காலத்தில் அந்தப் பிள்ளையாரைத் தம்மோடு கொண்டுவந்துவிட்டார், இப்போது அவர் திருச்செங்காட்டங்குடியில் இருக்கிறார் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்வது வாதாபியைத் துகளாக்கிவிட்டு மணியும் பொன்னும் யானையும் குதிரையும் கொண்டுவந்ததைத்தான். பிள்ளையார் அந்தப் பட்டியலில் இல்லை. இதை அம்மாவிடம் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டுமா என்ன?

ஊருக்குள் ஒரு பாறையில் முதலாம் நரசிம்மவர்மனின் வெற்றிக் கல்வெட்டு பாதி சிதைந்து நிற்கிறது. 642இல் இரண்டாம் புலிகேசியை வீழ்த்திய மாமல்லன்தான். சின்ன வயதில் பாடப்புத்தகத்தில் படித்தபோது "நம்ம ஆள் ஜெயிச்சுட்டார்" என்று துள்ளியது ஞாபகம் இருக்கிறது. அந்த ஏரிக்கரையில் நின்றபோது துள்ளல் வரவில்லை. இவ்வளவு அழகான ஊரை எரிக்க எப்படி மனம் வந்தது என்றுதான் தோன்றியது. சாளுக்கியர் ஊரை மீட்ட பிறகும் அந்தக் கல்வெட்டை இருந்த இடத்திலேயே விட்டிருக்கிறார்கள்.

மதியம் பக்கத்திலேயே பனசங்கரி அம்மன். சாகம்பரி என்றும் சொல்கிறார்கள். தரிசனம் முடிந்ததும் குளக்கரையில் கூடை வைத்திருந்த பெண்கள் கூப்பிட்டு உட்கார வைத்து, சோள ரொட்டி, கத்தரிக்காய், கடலைப்பொடி, தயிர் என்று கையில் கொடுத்தார்கள். அந்த ரொட்டிக்காகவே இன்னொரு முறை போகலாம்.

மறுநாள் காலை மகாகூடம். ஊற்று நீர் நிறைந்த குளம், அதற்குள்ளேயே ஒரு சின்ன மண்டபம், அதில் நான்முக லிங்கம். குளித்துவிட்டு ஈர உடையோடு மகாகூடேஸ்வரரைத் தரிசித்தபோது, இந்தப் பயணத்தில் முதல் தடவையாக வரலாறு மறந்து சாமி மட்டும் இருந்தார்.

அங்கிருந்து ஐஹோளே. கோயில்கள் நூற்றுக்கு மேல். எல்லாவற்றையும் பார்க்க அம்மாவின் முழங்கால் இடம் கொடுக்காது என்பதால் நான் மட்டும் மேகுட்டி குன்றில் ஏறினேன். 634இல் ரவிகீர்த்தி எழுதிய கல்வெட்டு அங்கேதான், ஒரு சமணக் கோயில் சுவரில் இருக்கிறது. ஹர்ஷரை வென்ற இரண்டாம் புலிகேசியைப் புகழ்ந்து கொண்டே போகும் கவிஞர், பல்லவ அரசனின் பெருமையைத் தன் படை கிளப்பிய புழுதியால் புலிகேசி மறைத்தான், அவனைக் காஞ்சி மதிலுக்குள் ஒளிய வைத்தான் என்கிறார். அங்கே புழுதி, சேக்கிழாரிடம் துகள். இந்தப் பாட்டை வெட்டி எட்டே வருடத்தில் வாதாபி பல்லவர் கையில்.

பட்டதக்கலுக்கு வரும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. மலப்பிரபை ஆறு அங்கே வடக்கு நோக்கித் திரும்புகிறது. அதனால் ஊருக்குப் புனிதம் அதிகம், சாளுக்கியர் முடிசூடிக்கொண்டதும் இங்கேதான். 1987 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்பதால் புல்வெளி, வேலி, டிக்கெட் எல்லாம் உண்டு. உள்ளே நின்ற கோயில்களில் பெரும்பாலானவற்றில் பூஜை இல்லை. வெறும் கருவறைகளைப் பார்த்து அம்மா முகம் வாடிப்போனாள்.

விருபாக்ஷர் கோயிலில் விளக்கு எரிந்தது.

இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியை வென்றதற்காக அவன் பட்டத்தரசி லோகமகாதேவி கட்டிய கோயில் இது. அவள் பெயரால் அப்போது லோகேஸ்வரர். பக்கத்திலேயே அவள் தங்கை திரைலோக்கியமகாதேவி கட்டியது மல்லிகார்ஜுனர். தங்கையும் அதே அரசனின் மனைவிதான். கைலாசநாதர் கோயிலை அறிந்த கண்ணுக்கு விருபாக்ஷரின் விமானம் அந்நியமாகத் தெரியாது. அடுக்கடுக்காக ஏறும் அதே தென்னாட்டு அமைப்பு, சுற்றிலும் அதே மாதிரி சிறு சந்நிதிகள். கட்டிய ஸ்தபதிக்குத் திரிபுவனாசாரி என்று பட்டம் கொடுத்ததையும், பாடகர்களுக்கு முன்பு கொடுத்திருந்த உரிமைகளை ராணி உறுதிசெய்ததையும் கல்வெட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். தூண்களில் ராமாயணமும் பாரதமும். அம்புப் படுக்கையில் பீஷ்மரைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றேன்.

அந்த அரசனுக்குப் பழி வாங்கக் காரணம் இல்லாமல் இல்லை. நூறு வருடத்துக்கு முன் தன் முன்னோர் நகரை எரித்த வம்சத்தின் ஊர், அப்போதைய பல்லவ அரசன் பல்லவமல்லன் ஓடிவிட்டான், அவனுக்கு முன் ஆண்ட ராஜசிம்மன் இழைத்து இழைத்துக் கட்டிய கைலாசநாதர் கோயில் திறந்து கிடக்கிறது. பொன்னை எடுத்திருந்தால் கேட்க ஆள் இல்லை. அவனை அங்கே எது தடுத்தது என்று கல்வெட்டு சொல்லவில்லை. ராஜசிம்மேஸ்வரர் என்று அப்போது பெயர் கொண்ட கைலாசநாதரின் எதிரில் நின்றிருக்கிறான், அவ்வளவுதான். பிற்பாடு பல்லவமல்லன் திரும்பி வந்து வெகுகாலம் ஆண்டான். எதிரி வெட்டிய கல்வெட்டு மட்டும் தூணில் அப்படியே இருக்கிறது.

கருங்கல் நந்தியைச் சுற்றி வந்து உள்ளே போனோம். அர்ச்சகர் எந்த ஊர் என்று கேட்டார். அம்மா "காஞ்சிபுரம்" என்றதும் சிரித்துவிட்டு வாசல் பக்கம் கை காட்டினார். காஞ்சியை மூன்று முறை வென்றவர் என்று அரசனைச் சொல்லும் கல்வெட்டு அங்கே இருக்கிறதாம். அம்மாவும் சிரித்தாள். தேங்காயை நீட்டினாள்.

"யார் பேருக்கு அர்ச்சனை?" அரைகுறை இந்தியில் நான்தான் இடையில் நின்று மொழிபெயர்த்தேன்.

"அந்த ராணி பேருக்குப் பண்ணச் சொல்லுப்பா."

"நட்சத்திரம் கேட்பாரேம்மா."

"அது சாமிக்குத் தெரியும். நீ பேரை மட்டும் சொல்லு."