பாம் ஃபைலைத் தொடாமலே பில்ட் ஓடியது

நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு அரிசி ஆலைக்கு நெல் வரவு, ஈரப்பதம், அரவைக் கூலி எல்லாம் பதியும் ஜாவா புரோகிராமை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஜாவா 8 காலத்தில் எழுதியது. சம்பா அறுவடை மும்முரத்தில், ரசீதில் சாக்கு எடைக்குத் தனியாக ஒரு கட்டம் வேண்டும் என்றார்கள். மன்னார்குடி வீட்டில் புது லேப்டாப்பில் சோர்ஸை இறக்கி, அதை ஓடும் புரோகிராமாகக் கட்டித் தரும் (பில்ட் செய்யும்) மேவனை ஓட்டியதும், 'ஜாவாஎக்ஸ்.எக்ஸ்எம்எல்.பைண்ட்' என்ற பேக்கேஜே (எக்ஸ்எம்எல்லைக் கையாளும் ஜாவா கோடுத் தொகுப்பு) இல்லை என்று சிவப்பு வரிகள் சரம் சரமாக வந்தன.

ஏதோ டிபெண்டென்சி, அதாவது வெளியிலிருந்து சேர்க்க வேண்டிய கோடு, விட்டுப்போன மாதிரிதான் தெரியும். ஆனால் மேவனுக்கு வேண்டியதைப் பட்டியலிடும் பழைய பாம் ஃபைலில் (pom.xml) அது எப்போதுமே இருந்ததில்லை. அந்தப் பேக்கேஜ் ஜாவாவுக்குள்ளேயே வந்துகொண்டிருந்தது. 2018-இல் ஜாவா 11 வந்தபோது எடுத்துவிட்டார்கள். என் லேப்டாப்பில் இருந்தது 17. அதன் ஏபிஐ ஜாரை (வெறும் இடைமுகம் உள்ள ஜாவா ஃபைலை) மட்டும் பாமில் சேர்த்தால் கம்பைல் ஆகும், ஓடும்போது இம்ப்ளிமென்டேஷன் (உண்மையில் வேலை செய்யும் கோடு) இல்லை என்று விழும். சீசன் நடுவில் அந்த வம்பு வேண்டாம் என்று ஜேடிகே 8-ஐயும் (ஜாவா 8-இன் டெவலப்பர் தொகுப்பு) போட்டேன்.

ஆலைக் கணக்குப்பிள்ளை போனில் வந்தார். "தம்பி, சாயங்காலத்துக்குள்ள ஆயிடுமா?"

"ஆயிடும்ண்ணே, இங்க மெஷின்ல ஒரு செட்டிங்தான்."

எந்த ஜாவா என்று சொல்லும் ஜாவா_ஹோம் செட்டிங்கை 8-க்கு மாற்றிய பிறகும் 'ஜாவா -வெர்ஷன்' 17 என்றே காட்டியது. இந்த இடத்தில்தான் பலரும் குழம்புவார்கள். அந்தக் கமாண்டு பாத்தில் (கமாண்டுகளைத் தேடும் ஃபோல்டர் பட்டியலில்) முதலில் கிடைக்கும் ஜாவாவைச் சொல்கிறது. மேவன் பார்ப்பது ஜாவா_ஹோமை. ஆகவே கேட்க வேண்டியது 'எம்விஎன் -வெர்ஷன்'. அதுவும் 17 என்றது. காரணம், நான் கேட்டது கோடு எழுதும் எடிட்டரான இன்டெல்லிஜேவுக்குள் இருக்கும் டெர்மினலில். இன்டெல்லிஜே திறந்தபோது இருந்த பழைய மதிப்பையே அது பிடித்துக்கொண்டிருக்கும். டெர்மினலை மட்டும் மூடித் திறந்தால் போதாது, இன்டெல்லிஜேவையே மூடித் திறக்க வேண்டும். திறந்தேன்; 1.8, அதாவது 8, என்று வந்தது.

சரி, முடிந்தது என்று பார்த்தால் வேறொரு ஜார் கிடைக்கவில்லை என்றது. முதலில் இறக்கும்போது நடுவில் செல்போன் ஹாட்ஸ்பாட் போயிருந்தது. ஒருமுறை தோற்றதை மேவன் குறித்து வைத்துக்கொண்டு, நெட் வந்த பிறகும் உடனே மறுபடி தேடாது. மேவன் இறக்கியதைச் சேர்த்து வைக்கும் டாட் எம்2 ஃபோல்டரில் அந்த ஜாரின் இடத்தில் 'லாஸ்ட்அப்டேட்டட்' என்று முடியும் ஃபைல் கிடந்தது. கமாண்டோடு '-யு' சேர்த்து ஓட்டியதும் இறங்கிவிட்டது.

எடிட்டரில் மட்டும் சிவப்புக் கோடு போகவில்லை. இன்டெல்லிஜே ஜாவா_ஹோமை மதிக்காது, அதற்குத் தனிக் கணக்கு. புராஜெக்ட் ஸ்ட்ரக்சரில் எஸ்டிகேயையும், மேவன் ரன்னரில் ஜேஆர்இயையும் 8 ஆக்கி, மேவன் புராஜெக்டை ரீலோடு செய்தேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் ஜாரை அனுப்பினேன். அறுவடை ஓய்ந்ததும் 17-க்கு மாற்றுவதாகப் பேச்சு. அப்போது ஏபிஐ, ரன்டைம் (இம்ப்ளிமென்டேஷன்) இரண்டையும் பாமில் சேர்க்க வேண்டும்.